தனி எர்த்

பாப்பாவுக்கு நாற்பது தாண்டிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. காதோரம் நரைத்தும்விட்டது. இருந்தாலும் அவள் பாப்பாதான். அண்ணன் சின்ன வயதில் கூப்பிட்ட பெயர், அண்ணி, அண்ணன் மகன், எதிர்வீட்டு டெய்லர் என்று எல்லார் வாயிலும் ஒட்டிக்கொண்டது. ஒரு டாக்சி கம்பெனியின் புகார்ப் பிரிவில், வீட்டிலிருந்தபடியே தொலைபேசியில் பதில் சொல்வது அவள் வேலை. டிரைவர் சுற்றிக்கொண்டு போனார், ஏசி போடவில்லை, எடுத்தெறிந்து பேசினார் என்று ஊரே அவள் காதில் வந்து கத்தும். கத்துகிறவர்களுக்கு, மறுமுனையில் இருப்பவளால் எழுந்து நிற்கக்கூட முடியாது என்பது தெரியாது. அந்த வேலையில் அவளுக்குப் பிடித்ததே அதுதான். இரக்கப்படாமல் தன்னைத் திட்டுவதற்கு இத்தனை பேர் இருக்கிறார்களே என்று நினைக்கையில் அவளுக்கு ஒரு நிமிர்வு வரும்.

ஓடும் பேருந்திலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே எல்லாம் போயிற்று. வலது கை விரல்கள் மடங்காது. அதற்கப்புறம் சில வருடங்கள் அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணி கெட்டவள் அல்ல. அதைச் சொல்லிவிடுவதுதான் நியாயம். வேளாவேளைக்குச் சோறு வந்தது, துணி மாற்றியாயிற்று, முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்தாயிற்று. ஆனால் ஒவ்வொன்றுக்கும் கூப்பிட வேண்டியிருந்தது. கூப்பிட்டதும் அடுப்படியிலிருந்து ஒரு பெருமூச்சு வரும், அதன் பின்னால் ஆள் வரும். ஃபேனை யாராவது போட்டுவிட்டுப் போவார்கள். வேறு யாராவது அணைத்துவிட்டுப் போவார்கள். அறையை விட்டுக் கடைசியாகப் போகிறவர்கள் கை தானாகவே விளக்கை அணைத்துவிடும். உள்ளே ஓர் ஆள் இருப்பது அவர்களுக்கு மறந்துபோகும். மறந்தது தப்பில்லை, இருட்டில் இருந்துகொண்டு, இதற்குக் கூப்பிடலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா என்று கணக்குப் போடுவதுதான் அவளைத் தின்றது.

விபத்துக்குக் கிடைத்த நஷ்ட ஈட்டில் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன வீடு வாங்கினாள். அந்த வீட்டை அவள் தனியாக இருக்கிற மாதிரி ஆக்கிக்கொடுத்தது அண்ணன்தான்.

அண்ணன் வயர்மேன். கசிகிற மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த் வேலையில் கெட்டி என்பதால் தொழிலில் அவருக்கு எர்த்காரர் என்று பெயர். மற்றவர்கள் ஒரு குழாயை மண்ணில் அடித்துவிட்டு எர்த் போட்டாயிற்று என்று கூலி வாங்கிக்கொண்டு போகிற காலத்திலேயே, ஆள் இறங்குகிற ஆழத்துக்குக் குழி வெட்டி, கரியும் உப்பும் அடுக்கு அடுக்காகப் போட்டு மூடுகிறவர். கோடை வந்தால், தான் வேலை செய்த வீடுகளுக்கு யாரும் கூப்பிடாமலே போய், எர்த் குழியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவார். "நான் வயர் இழுத்த வீட்டுல ஒருத்தர் ஷாக் அடிச்சு செத்தாங்கன்னு இதுவரைக்கும் கிடையாது" என்பார். அது உண்மை. வீடுகளில் கம்ப்யூட்டரும் கேமராவும் வரத் தொடங்கியபோது அவர் இன்னும் ஒரு படி மேலே போனார். மோட்டார், கீசர் போன்ற முரட்டுச் சாமான்களுக்கு ஒரு குழி. நுணுக்கமான சாமான்களுக்குத் தனியாக இன்னொரு குழி. முரடனையும் நோஞ்சானையும் ஒரே பாயில் படுக்க வைக்கக் கூடாது என்பது அவர் விளக்கம். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். பெரிய வீட்டுக்காரர்கள், "எங்களுக்கும் தனி எர்த் போட்டுடுங்க" என்று அவரைத் தேடி வந்தார்கள்.

தங்கச்சி வீட்டுக்கு அவர் செய்தது வேலையே இல்லை, தவம். கட்டில் வாயால் சொன்னால் நிமிரும், சாயும். திரைச்சீலை தானே விலகும். வாசலில் யார் நிற்கிறார்கள் என்று கட்டிலில் இருந்தே பார்க்கலாம், சொன்னால் தாழ் விலகும். விளக்கு, ஃபேன், தண்ணீர் சூடாக்குகிறது எல்லாம் அப்படியே. சொல்வதைக் கேட்டுக்கொள்ள சுவரில் ஒரு சின்னப் பெட்டி. அதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டும், அந்தப் பெயரைச் சொன்னால்தான் அது காது கொடுக்கும் என்றார் அண்ணன்.

"எடுபிடின்னு வை" என்றாள் பாப்பா.

"ஏன் பாப்பா, நல்லதா ஒண்ணு வைக்கலாம்ல?"

"இத்தனை வருஷமா எனக்கு எடுபிடி நீங்க எல்லாரும்தான். இனிமே இது செய்யட்டும். பேராவது இருக்கட்டும், ஞாபகமா."

அண்ணன் சிரித்தார். அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை.

இதற்கப்புறம் வந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நன்றாக இருந்த காலத்தைப் பற்றிப் பேசக் கதை சொல்கிறவனுக்கு எப்போதுமே சரக்குக் குறைவுதான். காலையில் ஓர் அம்மா வந்து குளிப்பாட்டி, நாற்காலியில் உட்கார்த்திவிட்டுப் போவார். மதியம் வந்து கட்டிலில் விடுவார். மற்ற நேரமெல்லாம் பாப்பாவும் எடுபிடியும்தான். சும்மாவே சில சமயம் விளக்கைப் போடச் சொல்லுவாள், அணைக்கச் சொல்லுவாள். ஒருவரையும் தொந்தரவு செய்யாமல் அற்பத்தனமாக நடந்துகொள்வதும் ஒரு சுதந்திரம்தானே.

அந்த இடி மதியத்துக்கு மேல் விழுந்தது. சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் பாதி நிமிர்ந்து படுத்திருந்தாள். போன் தலைமாட்டில் சார்ஜில் இருந்தது. மழை பிடித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். வெளிச்சமும் சத்தமும் ஒன்றாகவே வந்தன. தெருக்கோடித் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது என்று பிற்பாடு சொன்னார்கள். சுவரில் பெட்டி இருந்த இடத்தில் 'பட்' என்று ஒரு சத்தம். பிறகு பிளாஸ்டிக் கருகும் வாடை.

"எடுபிடி, விளக்கைப் போடு."

விளக்கு எரியவில்லை.

"எடுபிடி."

செத்துப்போனதை அவள் மூக்கு சொல்லிவிட்டது, வாய் கேட்கவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். போனைத் தட்டினாள், அதுவும் பிணம். கட்டில் நிமிர்ந்த வாக்கில் நின்றுவிட்டிருந்தது. உடம்பு மெல்ல மெல்லக் கீழே சரிந்து, கழுத்து நெஞ்சில் மடிந்து, மூச்சு திணறியது. தாழ் மூடியே இருந்தது. காலையில் வருகிற அம்மாவுக்கு அன்று மதியம் வேலை முடிந்துவிட்டது. மழைச் சத்தத்தில் கத்தினால் யாருக்குக் கேட்கும். மழை விட்டு, எதிரே டெய்லர் கடையைத் திறந்து, அவள் குரலைக் கேட்டு, அண்ணனுக்குப் போன் போட்டு, அவர் சாவியோடு ஓடி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

படுக்கை நனைந்திருந்தது. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு துணியை மாற்றினார், விரிப்பை உருவினார், அவளை நாற்காலியில் தூக்கி உட்கார்த்தினார். நாற்காலியின் பட்டையை மாட்டுவதற்குள் அது அவர் கையிலிருந்து இரண்டு தடவை நழுவியது. அந்தத் தடுமாற்றத்தை அவள் பிற்பாடு பல தடவை நினைத்துப் பார்த்தாள். அது பொய்யில்லை. அதனால்தான் அடுத்து நடந்தது எதுவும் அவளுக்குச் சுலபமாகச் செரிக்கவில்லை.

வாசலில் நின்ற டெய்லர் உள்ளே எட்டிப் பார்த்தார். "மொத்தமுமா போச்சு? நம்ம தெருவுல ரெண்டு வீட்டுல டிவி மட்டும்தான் போச்சாம். என் மெஷினு கால்ல ஓடறது. இடிக்கே அது கண்ணுல படல."

சாமான் விற்ற கம்பெனியிலிருந்து சர்வீஸ்காரர் மறுநாள் வந்தார். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட, வாய் ஓயாத ஆள். அண்ணனும் கூட இருந்தார். மெயின் போர்டைத் திறந்து, மின்சாரம் திடீரென எகிறினால் அதை மண்ணுக்குள் தள்ளிவிடும் சின்னப் பெட்டியைக் காட்டினார் சர்வீஸ்காரர். அதில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"பாத்தீங்களா, காவல்காரன் முழிச்சுட்டுத்தான் இருக்கான். திருடன் இந்த வாசல்ல வரவே இல்ல."

ஒவ்வொரு சாமானாகக் கழற்றிப் பார்த்தார். கட்டில், திரைச்சீலை, கதவு, எல்லாவற்றிலும் கருகியிருந்தது ஒரே இடம்தான். கட்டளை கொண்டுவரும் மெல்லிய வயர் வந்து சேருகிற இடம். பிறகு வீட்டைச் சுற்றி ஒரு நடை போய்விட்டு வந்தார்.

"வயரிங் யாரு?"

"நான்தான்" என்றார் அண்ணன்.

"சுத்தமான வேலைண்ணே, சும்மா சொல்லக் கூடாது. ஆனா ரெண்டு எர்த் குழி இருக்கு. ரெண்டையும் ஒண்ணா சேர்க்கலையே."

"சேரக் கூடாதுன்னுதானே தனியா போட்டேன். மோட்டார் அழுக்கெல்லாம் இதுல வந்து கலக்கும்."

"பல பேர் அப்படித்தாண்ணே நினைக்கறாங்க. சாதாரண நாள்ல ரெண்டு குழியும் ஒரே மட்டம், பிரச்சினை இல்ல. பக்கத்துல இடி விழுந்தா மண்ணுலயே மின்சாரம் ஒரு நொடி எகிறும். இந்தக் குழிப் பக்கம் ஒரு உயரம், அந்தக் குழிப் பக்கம் வேற உயரம். கட்டில் மோட்டாருக்கு அந்தக் குழி. அதுக்குக் கட்டளை போடற போர்டுக்கு இந்தக் குழி. நடுவுல இத்தனூண்டு வயர். அவ்வளவு உயர வித்தியாசமும் அது வழியாத்தான் பாய்ஞ்சிருக்கு. ஒரே குழியா இருந்திருந்தா எல்லாம் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கியிருக்கும். ஒண்ணு ரெண்டு போயிருக்கலாம். இப்படி வாரிக்கிட்டுப் போயிருக்காது."

அண்ணன் திறந்து கிடந்த மெயின் போர்டை மூடினார்.

"என்ன செய்யணும்?" என்று பாப்பா கேட்டாள்.

"ரெண்டு குழிக்கும் நடுவுல மண்ணுக்குள்ள ஒரு செம்புப் பட்டை ஓட்டிச் சேர்த்துடணும்மா. அரை நாள் வேலை. அண்ணனே செஞ்சுடுவாரு. சாமானுக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கே, புதுசு வந்துடும். மறுபடி மாட்டிக் குடுக்கறது என் பொறுப்பு."

அரை நாள். பாப்பாவுக்கு நேற்று மாலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் கொஞ்சம் நகர்ந்தது. அண்ணனைப் பார்த்தாள். அவர் உள்ளங்கைகளை விரித்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் சர்வீஸ்காரரிடம், "டீ சாப்பிடறீங்களா?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் குடும்பம் கூடியது அண்ணன் வீட்டுக் கூடத்தில். பாப்பாவையும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். சாமான்கள் வருகிற வரைக்கும் என்றுதான் சொன்னார்கள். அண்ணி, அண்ணன் மகன், அவனுக்குப் பேசி முடித்திருந்த பெண்ணின் அப்பா. கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது, சின்னஞ்சிறுசுகள் தனியாக இருக்க ஒரு வீடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை.

"அன்னைக்கே சொன்னேன்" என்றாள் அண்ணி. "மிஷினை நம்பி ஒரு பொம்பளைய தனியா விடலாமான்னு. கேட்டீங்களா? மூச்சு முட்டிப் போயிருந்தா ஊரு யாரைக் கேக்கும்? அண்ணிக்காரி துரத்திவிட்டுட்டான்னு என்னைத்தானே."

"சரி விடு" என்றார் அண்ணன்.

"சர்வீஸ்காரர் என்னப்பா சொன்னாரு? ஏன் அத்தை வீட்டுல மட்டும் இப்படி ஆச்சாம்?" என்று மகன் கேட்டான்.

பாப்பா காத்திருந்தாள். அவள் வேலையே காத்திருப்பதுதான்; எதிராளி கத்தி முடிக்கட்டும் என்று பொறுமையாக இருக்கத் தெரிந்தவள்.

"என்ன சொல்றது" என்றார் அண்ணன். "இடி யாரு கையில இருக்கு? அதெல்லாம் நோஞ்சான் சாமான். தாங்காது. நாளைக்கே புதுசு மாட்டினாலும், அடுத்த இடிக்கு இதே கதைதான்."

"அண்ணா" என்றாள் பாப்பா. "அவர் ஒரு வழி சொன்னாரே."

அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. எழுந்து வந்து குனிந்து, நாற்காலியின் பிரேக்கைச் சரிபார்க்கிற மாதிரி அழுத்தினார். அது சரியாகத்தான் இருந்தது. குனிந்தபடியே சொன்னார்: "அவன் சொல்லுவான் பாப்பா. அவனுக்குச் சாமான் விக்கணும்ல."

பெண்ணின் அப்பா, "வியாபாரிங்க எல்லாம் அப்படித்தாங்க" என்று சிரித்தார்.

இன்னும் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று பாப்பாவுக்குத் தெரியும். குழி இரண்டு, பட்டை ஒன்று, வேலை அரை நாள். சொன்னால் வீடு திரும்பக் கிடைக்கும். ஆனால் குனிந்திருந்த அண்ணனின் பிடரி அவள் கண்ணுக்கு நேரே இருந்தது. நேற்று அவளைத் தூக்கிய அதே தோள். சம்பந்தி முன்னால், மகன் முன்னால், எர்த்காரர் என்று ஊர் கொடுத்த பெயரை இவள் கையால் உரிப்பதா? இந்த ஒரு வீட்டோடு நிற்குமா அது? டாக்டர் வீடு, பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் என்று அவர் பெருமையோடு வெட்டிய ஒவ்வொரு தனிக் குழிக்கும் போய், நான் செய்தது தப்பு என்று மண்ணைத் தோண்ட வேண்டிவரும். அவரே சொல்வார், இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு என்று நினைத்தாள். வாயை மூடிக்கொண்டாள். வீட்டைக் கொடுத்துவிட்டோம் என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை. கடனாகத் தள்ளிவைத்ததாகத்தான் நினைத்தாள்.

அவர் சொல்லவில்லை. புதுச் சாமான் மாட்டுகிற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. கல்யாணம் நடந்தது. "வீடு பூட்டிக் கிடந்தா கெட்டுப் போகும்" என்று அண்ணி ஒரு நாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். "கொஞ்ச நாள் புள்ளைங்க இருக்கட்டுமே, உன் வீடுதானேம்மா அது, யாரு இல்லைன்னா?" பாப்பா தலையாட்டினாள். பழைய அறை, பழைய பெருமூச்சு. சுவிட்ச் நிற்கிறவர்கள் உயரத்தில் இருந்தது. ஊருக்கெல்லாம் வயர் இழுத்த அண்ணனுக்கு அதைக் கீழே இறக்கி வைக்க நேரம் கிடைக்கவில்லை. அந்தப் பக்கமே அவர் அதிகம் வருவதில்லை. வந்தாலும் வாசலில் நின்று, "சாப்பிட்டியா பாப்பா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் போய்விடுவார். புகார் வேலை மட்டும் தொடர்ந்தது. "உங்களுக்கு என்ன மேடம், ஜாலியா உக்காந்துட்டு இருக்கீங்க" என்று ஒருவர் ஒரு நாள் கத்தினார். "ஆமாம் சார்" என்றாள். அதில் பழைய நிமிர்வு வரவில்லை.

அவர் ஏன் சொல்லவில்லை என்று படுத்துக்கொண்டு யோசிப்பாள். பெயர் போய்விடும் என்ற பயமா? அப்படியானால் பாவம் என்று விட்டுவிடலாம். மகனுக்கு வீடு வேண்டும் என்பதா? அதுவும் தகப்பன் மனசு. ஒரு பொய்க்கு ஒரு காரணம் இருந்தால் மன்னித்துவிடலாம். இரண்டு இருந்தால் எதை மன்னிப்பது என்றே பிடிபடுவதில்லை. ஒருவேளை அவர் சர்வீஸ்காரரை நிஜமாகவே நம்பவில்லையோ என்றும் தோன்றும். இத்தனை வருடம் கையால் செய்த ஒன்றைத் தப்பு என்று ஒரு நாளில் யாரால் ஒப்புக்கொள்ள முடியும்? அந்த மூன்றாவது எண்ணம்தான் அவளுக்கு இதமாக இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை, தெரியாமல் இருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மாதங்களைக் கடத்தினாள்.

மறுபடி மழைக்காலம் வந்தது. ஒரு சாயங்காலம் வானம் கறுத்துக்கொண்டு நின்றது. அவள் அறை ஜன்னல் பின்கட்டைப் பார்த்தது. மண்ணில் கடப்பாரை இறங்குகிற சத்தம் கேட்டுத் திரும்பினாள். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சுவரை ஒட்டி நீளமாக ஒரு வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் வீட்டிலும் இரண்டு குழி உண்டு. ஒன்று துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், இன்னொன்று இந்த மூலையில். வாய்க்கால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போயிற்று. பக்கத்தில் சுருளாகக் கிடந்த செம்புப் பட்டை அந்த மங்கலிலும் பளபளத்தது.

அடுப்படியிலிருந்து அண்ணி குரல் கொடுத்தாள். "என்னங்க, மழை வர்ற நேரத்துல அங்க என்ன நோண்டிட்டு இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல. தண்ணி பைப்பு பாக்கறேன்."

பட்டையை விரித்து, வாய்க்காலில் படுக்க வைத்து, இரண்டு முனைகளையும் முறுக்கினார். சுத்தமான வேலை. மண்ணைத் தள்ளி மூடி, காலால் மிதித்து இறுக்கிவிட்டு நிமிர்ந்தபோது ஜன்னலில் தங்கச்சியைப் பார்த்தார்.

ஓடி ஒளிய இடமில்லை. கையில் மண்ணோடு நின்றார்.

"அண்ணா" என்றாள் பாப்பா. குரல் புகார் கேட்கிற குரல் மாதிரியே நிதானமாக இருந்தது. "என் வீட்டுல எப்ப சேர்க்கப் போற?"

அவர் கடப்பாரையில் ஒட்டியிருந்த சேற்றைக் கட்டைவிரலால் வழித்தார். வெகு நேரம் வழித்தார்.

"அங்க அப்பவே சேர்த்துட்டேன் பாப்பா" என்றார். "புள்ளைங்க குடிபோறதுக்கு முன்னாடியே."

தூரத்தில் ஒரு மின்னல், சத்தம் கொஞ்சம் தாமதமாக வந்தது. அண்ணன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு துவைக்கிற கல் பக்கம் கை கழுவப் போனார். அறை முழுக்க இருட்டிவிட்டது. விளக்கைப் போடச் சொல்லி யாரையாவது கூப்பிட பாப்பா வாயெடுத்தாள். பிறகு வேண்டாம் என்று அப்படியே உட்கார்ந்திருந்தாள்.